வாலை ஆட்டும் அம்பு

ஒரு அம்பு செய்ய எத்தனை நாள் ஆகும்? எங்கள் ஊர் வேட்டைக்காரன் கஷேயைக் கேட்டால் ஒரு பகல் என்பான். அதிலும் பாதிப் பகல் தூங்கிவிடுவான். கும்சா ஒரே அம்பை ஆறாவது நாளாகக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெருப்புக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சாகாய் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கொட்டையையும் அவன் மண்டையாக நினைத்துத்தான் உடைத்தாள்.

"இன்னுமா?" என்றாள்.

"வாலை ஆட்டுது," என்றான் கும்சா.

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் சாகாய் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். அன்பான வார்த்தைகள் நாலைந்து கேட்டிருப்பாள். அவற்றையும் அவன் அம்பைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான். எங்கள் அம்புகளுக்கு இறகு கிடையாது. ஒரு புல்தண்டு, அதன் முனையில் ஒரு சிறு எலும்பு, அந்த எலும்பில் செருகிய இரும்புத் தலை, அவ்வளவுதான். தண்டும் தலையும் வில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அம்பு நேராகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் விட்ட உடனே பின்பக்கம் இப்படியும் அப்படியும் அலையும். கும்சா வாலை ஆட்டுது என்பது அதைத்தான். மற்றவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலும் அந்த ஆட்டம் தெரியாது.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டாருக்கு வேட்டையாடிப் போடவேண்டிய வருடங்களிலும் அவன் இப்படித்தான் இருந்தான். ஒரு முறை காட்டுமாடு ஒன்றின் பின்னால் அரை நாள் நடந்து, இருபது தப்படி வரை தவழ்ந்து போய், நாணை இழுத்துவிட்டு, அம்பை விடாமலே திரும்பி வந்தான். கேட்டதற்கு, தண்டு வெயிலில் லேசாக வளைந்திருந்தது என்றான். எங்களில் மாமனார் மருமகனை நேருக்கு நேர் திட்டக்கூடாது. சாகாயின் அப்பா அன்றைக்குப் பொழுது சாயும்வரை நாயைத் திட்டினார். அந்த நாய் பாவம், எதற்கென்று தெரியாமல் மூன்று நாள் ஊருக்குள் வரவில்லை.

பிறகு அவன் வேட்டைக்குப் போவதையே விட்டுவிட்டான். அவன் அம்புகள் மட்டும் போயின. ஊரில் எவன் கிளம்பினாலும் முதலில் கும்சாவின் நெருப்பருகே வந்து உட்கார்ந்து, புகையிலை கேட்க வந்தவன் மாதிரி பேசி, இரண்டு அம்பு இரவல் வாங்கிக்கொண்டுதான் போவான். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. எங்களுக்குள் கறி அடித்தவனுக்குச் சொந்தமில்லை. தைத்த அம்பு யாருடையதோ அவருக்குச் சொந்தம். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். சொந்தம் என்றால் தூக்கிக்கொண்டு போய்த் தின்றுவிடுவது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும். சொந்தக்காரர் செய்யவேண்டியது பங்கு போடுவது. அதற்குக் கிடைக்கும் கூலி வசவு. எனக்கு எலும்பு, அவளுக்குக் கொழுப்பா? உன் பெண்டாட்டி வழி ஆட்கள் மட்டும்தான் மனுஷங்களா? நான் என்ன, ஆமை ஓட்டையா நக்கிக்கொண்டிருப்பது?

உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத கும்சாவுக்கு வருடத்தில் ஏழெட்டு முறை இந்த வசவு தேடி வந்தது. அவன் காதில் அது ஏறவே ஏறாது. தன் அம்பு எப்படிப் போனது, எந்த இடத்தில் தைத்தது என்று அடித்தவனைக் குடைந்துகொண்டிருப்பான். அதனால் பங்கு போடும்போதெல்லாம் சாகாய் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுப்பு அடுப்பாகப் பெயர் சொல்லிக்கொடுப்பாள். அவன் வெட்டுவான், அவள் எண்ணுவாள். திட்டு இரண்டு பேருக்கும் பொது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அவள் கொட்டை பொறுக்க இரண்டு நாள் வெளியே போயிருந்தாள். அந்த இரண்டு நாளில்தான், எருது அளவுக்கு ஒரு மான் கும்சாவின் அம்பில் விழுந்து தொலைந்தது. அவனே தனியாகப் பங்கு போட்டான். பதினொரு அடுப்புக்குப் போட்டான். பன்னிரண்டாவது அடுப்பு சாகாயின் தம்பி டெபேயுடையது. எங்கள் ஊரில் கேட்டு வாங்காதவர்கள் யாருமில்லை, டெபே ஒருவனைத் தவிர. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தன் நெருப்பருகே முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கும்சா கறியிலிருந்து எடுத்த அம்புத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது எங்கே வளைந்தது என்று. விடியும்போது பன்னிரண்டாவது அடுப்பில் சாம்பல்தான் இருந்தது.

சாகாய் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் போட்ட கூச்சலில் தண்ணீர்க் குழியிலிருந்த காடைகள் பறந்தன. கிழக்கே இரண்டு நாள் நடையில் தம்பி தங்கியிருந்த ஊருக்கு, போகிறவர்கள் மூலம் இரண்டு முறை மணிமாலை அனுப்பினாள். கொடுத்தால் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் உறவு. பதிலுக்கு ஒரு மணிகூட வரவில்லை. ஐந்து வருடமாக அவளுக்குத் தம்பி இல்லை. அம்மா அப்பா போனபிறகு அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது சும்க்வே நகரத்திலிருந்து மாவு மூட்டை கொண்டுவந்த லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். டெபே குடும்பத்தோடு மாமியாரைப் பார்க்க மேற்கே போகிறானாம். போகிற வழி இதுதான். பத்து நாளில் வருவான், ஒரு ராத்திரி தங்குவான்.

அன்றே சாகாய் கும்சா முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு அம்பு வேணும்."

"உனக்கெதுக்கு?"

"என் அம்பாலே கறி விழணும். நான் பங்கு போடணும். முதல் பங்கை நான் எந்திரிச்சுப் போய் டெபே கையிலே குடுக்கணும். உன் கறியை அவன் தொடமாட்டான். என் கறியைத் தொடுவான். அடிக்கப்போறது கஷே. அதனாலே அவன் வில்லுக்குத் தோதா செஞ்சு குடு. தலையிலே என் அடையாளமா ரெண்டு கீறல் போடு. புரிஞ்சுதா?"

"அவன் வில்லு ரொம்ப விறைப்பாச்சே," என்றான் கும்சா. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதே, இது ஒரு பகலில் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் தண்டு தேடவே போய்விட்டது. நாற்பது தண்டு வெட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து வளைத்து வளைத்து, முப்பத்தேழைத் தூக்கி எறிந்தான். இரண்டாம் நாள் மிச்சமிருந்த மூன்றையும் சூட்டுச் சாம்பலில் புரட்டி, பல்லால் கடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து நிமிர்த்தினான். ஒன்றுதான் பிழைத்தது. மூன்றாம் நாள் கம்பித் துண்டைக் கல்லில் தட்டித் தலை செய்தான். சொன்னபடி இரண்டு கீறலும் போட்டான். நான்காம் நாள் கஷேயின் வில்லை வாங்கி, கறையான் புற்றைக் குறிவைத்து எய்து பார்த்தான். அம்பு புற்றின் நடுவில் போய்த் தைத்தது.

"தைச்சிருச்சு," என்றாள் சாகாய்.

"தைச்சுது. ஆனா எப்படித் தைச்சுது? சாய்ஞ்சு தைச்சுது."

"மான் வந்து உன்கிட்டே முறையிடுமா, சாய்ச்சுத் தைச்சுட்டாங்கன்னு?"

அவன் அம்பைக் குறுக்கே விரல்மேல் வைத்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். நரம்புக் கட்டைப் பிரித்து மறுபடியும் கட்டினான். நடு எலும்பை மாற்றினான். பிசின் காயக் காத்திருந்தான். ஐந்தாம் நாள் முழுக்கப் பிசின் காய்ந்தது. ஒரு மனிதன் பிசின் காய்வதை அவ்வளவு ஆசையாகப் பார்ப்பான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஆறாம் நாள் கஷே வந்து உட்கார்ந்தான். அவன் கும்சாவுக்கு அத்தை மகன். சாகாயோடு வாய்ச்சண்டை போடும் உரிமை உள்ளவன், அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"என்ன அண்ணி, அம்பு பொறந்துடுச்சா, இல்லே இன்னும் வலியெடுத்துட்டே இருக்கா?"

"உனக்கென்ன, வாயை மூடிட்டு உக்காரு. உன் வில்லு மரக்கட்டை மாதிரி இருக்கிறதாலேதான் இத்தனையும்."

"என் வில்லுக்கு என்ன கொறை? போன வருஷம் நீ தின்னுட்டு கொழுத்ததெல்லாம் இந்த வில்லு அடிச்சது."

"கொழுத்தேனா? நீ அடிச்ச அந்த எலும்புக்கூட்டைத் தின்னு பல்லு ரெண்டு போச்சு எனக்கு."

"தலை கனம்," என்றான் கும்சா நடுவில். அவன் காதில் இது எதுவும் விழவில்லை. "தலை கனமா இருக்குறதாலே தண்டு தாங்கலை. அதான் வாலை ஆட்டுது."

சாகாய்க்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலில் வந்த அழுகை. "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அவன் வர்ற அன்னிக்கு நான் வெறுங்கையோட நிக்கணுமா? ஒரு வாட்டி உன் கவனக்குறைவாலே போனான். இந்த வாட்டி உன் கவனத்தாலே போகப்போறான்."

இதைக் கேட்டதும் கும்சா முதல்முறையாக அம்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "நாளைக் காலையிலே கஷே கையிலே இருக்கும்," என்றான். சொன்னபடி மறுநாள் காலையில் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அம்புக்கு நஞ்சு பூசி, கஷேயின் அம்புக்கூட்டில் போட்டு அனுப்பியும்விட்டான். அவளால் நம்பவே முடியவில்லை. அன்று அவனுக்குக் கொட்டைக் கஞ்சியில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.

கஷே அன்று பொழுது சாயும் முன் திரும்பி வந்து, யாரிடமும் பேசாமல் தன் நெருப்பருகே உட்கார்ந்து காலில் முள் எடுத்தான். ஊரே காதைத் தீட்டிக்கொண்டது.

"ஏதாவது பாத்தியா?" என்று கும்சா கேட்டான்.

"என்னத்தைப் பாக்கிறது. எனக்கெங்கே வேட்டை வருது. ஏதோ சின்னதா ஒண்ணு குறுக்கே போச்சு. காத்துதானோ என்னமோ."

எங்களில் அடித்தவன் பெருமை பேசக்கூடாது. அப்படியென்றால் பெரியது. சாகாய் தன் நெருப்பருகே தலையைக் குனிந்துகொண்டாள். வாயெல்லாம் பல்லாக இருந்ததை யாரும் பார்த்துவிடக்கூடாது.

மறுநாள் காலையில் தடம் பார்த்துப் போனார்கள். முறுக்குக்கொம்பு மான், நல்ல வயதுக் கடா, நஞ்சு ஏறி ஒரு முள்மரத்தடியில் விழுந்து கிடந்தது. தூக்கி வரப் போன கூட்டத்தில் சாகாயும் இருந்தாள். முறைப்படி எல்லோரும் மானைத் திட்டினார்கள். இந்த எலும்பு மூட்டைக்கா இவ்வளவு தூரம் இழுத்து வந்தாய், இதற்கு நிழலில் படுத்துக் கிடந்திருக்கலாம் என்றார்கள். கஷேயும் ஆமாம், தப்புதான், விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றான். திட்டிக்கொண்டே எல்லோரும் கத்தியைத் தீட்டினார்கள். ஈரல் மட்டும் அடித்தவனுக்கு என்பது முறை, கஷே அதைச் சுட்டுத் தின்றான். விலா எலும்புக்குப் பின்னால், நஞ்சு ஏறிக் கறுத்த சதையை வெட்டி எடுத்தபோது அம்புத் தலை வெளியே வந்தது. கஷே அதை மணலில் தேய்த்துத் துடைத்தான்.

துடைத்துவிட்டு, அதைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"குடு இங்கே," என்று சாகாய் வாங்கிப் பார்த்தாள். இரண்டு கீறல் இல்லை. இலைபோல மெலிசாகத் தட்டி, அடியில் ஒரு பக்கம் மட்டும் சின்னதாகக் கொத்திய தலை. இப்படித் தட்டுகிறவன் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் கூடப் பிறந்தவன்.

கும்சா ஊரில்தான் இருந்தான். அவள் அவ்வளவு தூரமும் ஓட்டமும் நடையுமாக வந்து அவன் மூக்குக்கு முன்னால் அந்த அம்புத் தலையை நீட்டினாள்.

"இது என்னய்யா?"

"நேரா போச்சா?" என்றான் அவன் ஆவலாக.

"என் தலை எங்கே?"

"பையிலே இருக்கு. அது கனம்னு சொன்னேனே. பையைத் துழாவினப்போ இது கிடந்துச்சு, மெலிசா. வெச்சு விட்டுப் பாத்தேன். சாகாய், சத்தியமா சொல்றேன், ஒரு துளி ஆட்டமில்லே."

"டெபேயோடதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியாம என்ன? நேராக்கிக் குடுன்னு அவன்தான் குடுத்தான். அதுக்குள்ளே போயிட்டானே."

பரிசாகக் கொடுத்திருந்தால்கூட வேறு வழி இருந்திருக்கும். நேராக்கக் கொடுத்தது இன்னும் கொடுத்தவனுடையதுதான். தலை யாருடையதோ அம்பு அவருடையது. அப்படியானால் மான் டெபேயுடையது. பங்கு போடவேண்டியது டெபே. சாகாய் அவனுக்குக் கொடுக்க நினைத்திருந்தாள். இப்போது அவள் கையேந்தவேண்டியவள். அவன் ஊரில் உள்ள அத்தனை அடுப்புக்கும் கொடுத்துவிட்டு, கும்சாவின் அடுப்பை மட்டும் தாண்டிப் போனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது. அப்படித் தாண்டிவிட்டால் அதன் பிறகு ஒட்டவைக்க எதுவுமே கிடையாது. அவள் கும்சாவைத் திட்டக்கூட இல்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். திட்டாததுதான் கும்சாவைப் பயமுறுத்தியது.

கறியை மரத்தில் தொங்கவிட்டார்கள். சொந்தக்காரன் வராமல் தொடக்கூடாது. சொந்தக்காரன் எங்கேயோ வழியில் இருந்தான். இரண்டு நாள் ஊரே அந்த மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாய்களும் உட்கார்ந்திருந்தன. நாய்களுக்குப் பொறுமை அதிகம்.

"அண்ணி, உன் தம்பி நடந்து வர்றானா, உருண்டு வர்றானா?" என்றான் கஷே.

"அடிச்சது நீதானே. அடிக்கிறதுக்கு முன்னாடி தலையைப் பாக்கத் தெரியாதா?"

"கும்சா குடுத்த அம்பைத் திருப்பிப் பாக்கிறதா? பாத்தா வாங்கி வெச்சுக்கிட்டு இன்னும் ஆறு நாள் செய்வான்."

மூன்றாம் நாள் வெயில் ஏறும்போது டெபே வந்தான். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், முதுகில் மூட்டைகள். ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் அவற்றை இறக்கி, விருந்தாளிகள் உட்காருகிற தூரத்தில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் போயிற்று. நலம் விசாரித்தார்கள். அக்காவும் தம்பியும் எங்களில் பக்கத்தில் உட்காருவதோ கேலி பேசுவதோ கிடையாது. சாகாய் தன் நெருப்பருகே இருந்தபடியே, "வந்தியா?" என்றாள். "வந்தேன்," என்றான் அவன். முன்னைக்கு இளைத்திருந்தான்.

கஷே போய் அவன் முன்னால் அம்புத் தலையை வைத்தான். "உன் கறி மரத்திலே தொங்குது. இறக்கிப் பங்கு போடு. ரெண்டு நாளா எங்க வயிறு உன் பேரைத்தான் சொல்லிட்டிருக்கு."

டெபே தலையை எடுத்துப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த நரம்புக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். அந்தக் கட்டு யாருடையது என்று கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பிறகு எழுந்து கத்தியை உருவினான்.

இரண்டு தொடை, கழுத்து, முதுகு, விலா என்று பிரித்துவிட்டான். அதன் பிறகுதான் சங்கடம் தொடங்கியது. ஐந்து வருடத்தில் ஊர் மாறியிருந்தது. சிலர் போயிருந்தார்கள், சிலர் வந்திருந்தார்கள், கல்யாணமாகித் தனி அடுப்புப் போட்டவர்கள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருந்தவள் தன் பங்கு எங்கே என்றாள். அவளுக்குக் கொடுத்தால் இதுவா பங்கு, இது நாய்க்கே காணாது என்றாள். டெபேயின் நெற்றியில் வேர்த்தது. கையில் ஒரு துண்டு விலாவோடு நடுவில் நின்று, யாருக்குக் கொடுத்தோம் யாருக்குக் கொடுக்கவில்லை என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் அக்காவின் நெருப்பை நோக்கித் திரும்பினான்.

"அக்கா, எத்தனை அடுப்பு?"

சாகாய் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொருவருக்கும் எத்தனை வாய், யாருக்குப் பல் இல்லை, யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொன்னாள். அவன் வெட்டினான். பதினாலு அடுப்பு சொல்லி நிறுத்தினாள்.

டெபே காத்திருந்தான். "ஒண்ணு விட்டுட்டே," என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நெருப்பைக் கிளறினாள். தன் வாயால் தன் அடுப்பைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"ஒரு அடுப்பை விட்டுடறது இவ்வளவு சுலபமாக்கா?" என்றான் அவன். "எனக்குத் தெரியாமப் போச்சு."

நெஞ்சுக் கறியையும் அதன் கொழுப்பையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கும்சாவின் முன்னால் வைத்தான். கும்சா கறியைப் பார்க்கவில்லை. டெபேயின் கையிலிருந்த அம்புத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலும்பிலே பட்டு நுனி வளைஞ்சிருக்கு மச்சான். குடு, நேராக்கித் தர்றேன்."

சாகாய்க்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை, முறை எல்லாம் பறந்துவிட்டது. "குடுக்காதே டெபே. இந்த ஆள்கிட்டே குடுத்தா இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்."

டெபே அம்புத் தலையைக் கும்சாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினான்.

"ஆகட்டும்," என்றான். "மாமியாரைப் பாத்துட்டு வந்து, முடியிற வரைக்கும் இங்கேயே இருக்கோம்."

கும்சா அதற்குள் தலையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடியாகிவிட்டது. சாகாய் அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்து, தன் குடிசைக்கு அந்தப் பக்கம் ஐந்து வருடமாகச் சும்மா கிடந்த தரையில் குனிந்து, இன்னொரு குடிசைக்கு இடம் பண்ண முள்ளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் பொறுக்கினாள்.